சைக்கிளுக்குள் ஒரு சலசலப்பு

சின்னத்தம்பிக்கு ஐம்பத்து மூன்று வயது, தொண்ணூறு கிலோ எடை. அதில் சின்னதும் இல்லை, தம்பியும் இல்லை. கட்டட சைட்டில் எல்லாரும் அவரைச் ‘சின்னத்தம்பி அண்ணே’ என்று கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைச் சொல்லும்போது வாயோரம் சிரிப்பு எட்டிப் பார்க்கும். முன்பெல்லாம் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இப்போது ஐந்து வாரமாக அவர் முன்னால் யாரும் சிரிக்கத் துணியவில்லை. எடுத்ததற்கெல்லாம் சிடுசிடுவென்று விழுந்தார். அதற்குக் காரணம் ஒரு சைக்கிள் போட்ட சத்தம்.

சைக்கிள் என்றதும் முன்னால் கூடை வைத்து மார்க்கெட்டுக்கு மிதிக்கிற வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது மவுண்டன் பைக். கல்லிலும் வேரிலும் ஏறி இறங்குவதற்கென்றே தடித்த டயரும் அகலமான ஹேண்டில் பாரும் வைத்த வண்டி. கார் வாங்குகிற பேச்சை அந்த வீட்டில் எப்போதோ விட்டாயிற்று. அதனால் புக்கிட் பாத்தோக் எட்டாவது மாடி வீட்டில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் அந்த சைக்கிளுக்கென்று ஓர் இடம் உண்டு. அவர் மனைவி சாமுண்டீஸ்வரி, அவருக்கு ஈஸ்வரி, பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஆறு வருஷமாக அந்த வண்டியைத் தாண்டித் தாண்டித்தான் வீடு கூட்டுகிறாள்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் சின்னத்தம்பியிடம் நல்ல பதில் உண்டு. வாரத்தில் ஆறு நாள் அவர் காதுக்குப் பக்கத்தில் பூமியைக் குடைகிறார்கள். அவருக்கு பைலிங் வேலை. கட்டடம் எழும்புவதற்கு முன்னால் நாற்பது, ஐம்பது மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுக் கம்பிக் கூண்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அங்கே அவர் சூப்பர்வைசர், இருபத்தாறு வருஷமாக. துளை போடுகிற ரிக் மண்ணை விட்டுப் பாறையைத் தொட்டதும் அதன் சத்தம் லேசாக மாறும். மீட்டரில் முள் நகர்வதற்கு முன்னாலேயே சின்னத்தம்பி கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். “அண்ணன் காதுக்குள்ளயே மீட்டர் இருக்கு” என்று ஆப்பரேட்டர்கள் சொல்வார்கள். அதைக் கேட்க அவருக்குக் காது குளிரும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கர்வத்துக்கு அவர் தகுதியான ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தக் காதுக்கு லீவு. ஏழு மணிக்கெல்லாம் செஸ்ட்நட் காட்டுப் பாதைக்குப் போய்விடுவார். ஏறும்போது மூச்சு இரைக்கும், இறங்கும்போது அதுவும் இருக்காது. மண்ணில் டயர் உருள்கிற சத்தம், அதற்குப் பின்னால் ஓயாத சிள்வண்டு, அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரம் இருந்தால் மீதி வாரத்தை எப்படியாவது ஓட்டிவிடுவார்.

அதில்தான் மண் விழுந்தது.

ஆயுத பூஜை முடிந்து வந்த முதல் ஞாயிறு. முதல் இறக்கத்தில் வண்டியை விட்டார். முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். நின்றார், சத்தமும் நின்றது. மறுபடி இறங்கினார், மறுபடி வந்தது. ஏறும்போது இல்லை, தார் ரோட்டில் இல்லை. இறங்கும்போது மட்டும், அதுவும் வேர்கள் குறுக்கே கிடக்கிற இடத்தில், ஹேண்டில் பார் வழியாகக் கைக்கு வந்து கையிலிருந்து காதுக்கு ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். அன்றைக்கு இரண்டு மணி நேரமும் அவர் காட்டைப் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்ட்ரீட்டில், அர்ஃபான் பாய்க்கு ஒரு சின்ன சைக்கிள் கடை. சின்னத்தம்பியின் வண்டியை முதலில் பூட்டிக் கொடுத்ததே அவர்தான். தொழில் தெரிந்த மனுஷன், பேச்சும் தெரிந்தவர், பேச்சுக்கு நடுவில் சிங்கப்பூர் ‘லா’வும் வரும்.

“எப்படிச் சத்தம்னு சொல்லுங்கண்ணே. கடகடன்னா போல்ட்டு. கிறீச்சுன்னா கிரீஸ் இல்ல. டக்டக்குன்னா செயின்.”

சின்னத்தம்பி கண்ணை மூடி யோசித்தார். “அது எதுவும் இல்ல பாய். சலசலன்னு கேட்குது.”

“சலசலன்னா தண்ணிலா,” என்றார் அர்ஃபான் உடனே. “மழையில ஓட்டியிருப்பீங்க. பிரேமுக்குள்ள தண்ணி இறங்கியிருக்கும். ரெண்டு நாள் வெயில்ல வைங்க.”

நவம்பர் மாதம் சிங்கப்பூரில் வெயிலுக்கு எங்கே போவது? காலையில் சைக்கிளைக் காரிடாரில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போவார். மத்தியானம் மூணு மணிக்கு வானம் இடிந்து விழுகிற மாதிரி மழை கொட்டும். ஈஸ்வரிக்கு போன் போட்டு, “சாரல் அடிக்குது, யாரையாவது விட்டு உள்ள தள்ளச் சொல்லு” என்பார். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு யாரைத் தள்ளச் சொல்வது? கடைசியில் படுக்கையறை ஃபேனுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த ஃபேன் எப்படியும் ஐந்தாம் நம்பரில்தான் ஓடும். மழைக் குளிரிலும் ஐந்தாம் நம்பர் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஈஸ்வரி போர்வைக்குள் சுருண்டுகொண்டு, வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு இறங்கினார். சலசல.

“அப்ப செயின்தான்,” என்றார் அர்ஃபான், முன்னால் தண்ணி என்று சொன்னவர் தான் அல்ல என்பது போல. குதித்து இறங்கும்போது செயின் தொங்கி ஆடும், ஆடிப் பின்சக்கரத்துக்குப் போகிற கம்பியில் அடிக்கும், அந்த அடி பிரேம் முழுக்க எதிரொலிக்கும் என்று விளக்கினார். கம்பி நெடுகத் தடித்த ரப்பர் டேப்பை ஒட்டினார். செயினில் இரண்டு கண்ணியைக் கழற்றி நீளத்தைக் குறைத்தார். பின்கியரில் செயினை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்கை இறுக்கினார். உண்மையைச் சொல்லணும், வேலை சுத்தமான வேலை. இத்தனை வருஷம் வண்டியிலிருந்த டக்டக் அன்றோடு போனது.

ஆனால் டக்டக் போனதும் சலசல இன்னும் தெளிவாகக் கேட்டது. அதற்கடுத்த வாரம் சின்னத்தம்பி பிரேமுக்கு அடியில் போகிற கேபிள்களைக் கட்டச் சொன்னார். கட்டியதும் அவற்றின் முணுமுணுப்பும் போனது, சலசல இன்னும் எடுப்பாகக் கேட்டது. பெடலுக்குக் கிரீஸ், ஹேண்டில் பாருக்குக் கிரீஸ். ஒவ்வொரு சத்தமாக அடக்க அடக்க, அடங்காத அந்த ஒன்று ராஜா மாதிரி தனியாக நின்றது.

இது வெறும் சைக்கிள் சத்தமாக இருந்திருந்தால் மனுஷன் ரேடியோவைப் பாட விட்டுக்கொண்டு ஓட்டியிருப்பார். உள்ளே வேறொரு பயம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் காதுப் பரிசோதனை உண்டு. ஆள் ஒருவர் உட்காருகிற அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், ‘பீப்’ என்று கேட்டால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். போன வருஷம் இடது காது தேறியது. வலது காதுக்கு வந்தபோது பீப் வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் பட்டனைத் தட்டும்போதெல்லாம் அவள் தோள் லேசாக அசைந்தது. சின்னத்தம்பி தோளைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அப்படி அழுத்தியும் டாக்டர் காகிதத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “வலது காது கொஞ்சம் இறங்கியிருக்கு. அடுத்த வருஷம் பார்ப்போம். காதுக்குள்ள ஏதாவது சத்தம் கேட்குதா, விசில் மாதிரி?” என்று கேட்டார். சின்னத்தம்பி இல்லை என்றார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தவரை இல்லைதான்.

வலது காது ஏன் இறங்கியது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் கிராஞ்சி டார்மிட்டரியிலிருந்து லாரியில் வந்து இறங்குகிற தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, “ரெண்டு காதுலயும் வெச்சிருக்கியா, திரும்பிக் காட்டு” என்று இயர் பிளக்கைச் சரிபார்க்கிறவர் இவர்தான். இவருடைய வலது காது மட்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். அந்தக் காதில்தான் வாக்கி டாக்கி. அடைத்துக்கொண்டால் ஆப்பரேட்டர் சொல்வது கேட்காது, அதைவிட முக்கியமாக, பாறை கேட்காது. இருபத்தாறு வருஷம், நாளைக்குப் பத்து மணி நேரம். அவருக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசரைக் காது போய்விட்டது என்று ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த ஆள் ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றார்.

இந்த வருஷப் பரிசோதனை டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை.

நாலாவது தடவை கடைக்குப் போனபோது அர்ஃபான் வண்டியைத் தூக்கிக் கடை வாசலில் பொத்தென்று போட்டார், குலுக்கினார், மேலே உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு பக்கம் காய்கறி இறக்குகிற லாரி ரிவர்ஸ் எடுத்தது, இன்னொரு பக்கம் கேசட் காலத்துப் பாட்டு அலறியது. அந்த இடத்தில் யானை பிளிறினாலும் கேட்காது. அர்ஃபான் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கினார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சத்தம் வண்டியில இல்ல.” சொல்லிவிட்டு ஒரு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

சின்னத்தம்பிக்குச் சுருக்கென்றது. “யாருக்கு பாய் காது குத்துறீங்க? வேலை தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. பாறை எங்க இருக்குன்னு சொல்ற காது இது.”

“அதான் அண்ணே நானும் சொல்றேன். அந்த வேலையில இருக்கிறவங்களுக்கு...”

முழுதாகக் கேட்கவில்லை. வண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினார். மடங்காத சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். கோபத்தோடு புக்கிட் பாத்தோக் வரைக்கும் மிதித்தே வந்தார். பாதி வழியில் மழை பிடித்தது. தார் ரோட்டில் சைக்கிள் ஒரு சத்தமும் போடாமல் சாதுவாக வந்தது, அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஈஸ்வரி துண்டைக் கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே நடந்ததை அவளிடம் சொன்னார்.

“பாய் சொன்னதுல என்னங்க தப்பு? டிவி சவுண்டை முப்பத்தெட்டுல வைக்கிறீங்க. வலது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறீங்க. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. நர்ஸ் தோளைப் பார்த்து அழுத்தினேன்னு எங்கிட்ட பெருமையா சொன்னீங்கல்ல, அதை அவர்கிட்ட சொல்லுங்க.”

“சொல்லி? ஸ்டோர்ல உட்கார்ந்து கையுறை கொடுக்கவா?”

“கொடுத்தா என்ன? காதாவது மிஞ்சும்ல.”

“சத்தம் சைக்கிள்ல இருக்கு ஈஸ்வரி.”

“இருந்தா சந்தோஷம்தான்,” என்றாள் அவள். அந்தக் குரலில் நம்பிக்கையே இல்லை. சின்னத்தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி டிவியைப் போட்டார்.

ஆனால் அன்றிலிருந்து அவர் சத்தத்தைத் தேடிய விதமே மாறிவிட்டது. முன்பு அதை ஒழிக்கத் தேடினார். இப்போது அது சைக்கிளில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கத் தேடினார். சைக்கிளில் இல்லையென்றால் தலைக்குள் இருக்கிறது. தலைக்குள் இருந்தால் செவ்வாய்க்கிழமை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஓட்டுகிறவர் ஸ்ரீராம். திருச்சியிலிருந்து வந்து கிளமெண்டியில் குடியிருக்கிற கம்ப்யூட்டர் எஞ்சினியர், முப்பத்தைந்து வயது, எதையும் நெட்டில் படித்துவிட்டு வருகிற ஆள்.

“அண்ணா, செயினைக் கழட்டிட்டு இறங்கிப் பாருங்க. செயினே இல்லாம சத்தம் வந்தா செயின் இல்லேன்னு தெரிஞ்சிடும்ல.”

ஐந்து வாரத்தில் ஒருத்தர் சொன்ன உருப்படியான வார்த்தை. இறக்கத்தின் உச்சியில் செயினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சின்னத்தம்பி வெறும் சக்கரத்தில் உருண்டார். வேர்கள் வந்தன. சலசல. கீழே போய்ச் சேர்ந்ததும் பின்னாலேயே வந்த ஸ்ரீராமைப் பார்த்தார்.

“கேட்டுச்சா தம்பி?”

ஸ்ரீராம் உதட்டைப் பிதுக்கினார். “டயர் சத்தம்தான் அண்ணா கேட்டுது.”

“நீங்க ஓட்டிப் பாருங்க.”

வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போய் ஸ்ரீராம் ஏறி உட்கார்ந்தார். செயின் இல்லாததால் பெடலில் பிடிமானம் இல்லை, பழக்கமில்லாத வண்டி, பயம் வேறு, உச்சியிலிருந்து அடிவாரம் வரை இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினார். பிரேக் கீச்சென்று காடு முழுக்கக் கத்தியது. கீழே வந்து இறங்கி, “ஒண்ணும் கேட்கலையே அண்ணா” என்றார். அந்தக் கீச்சலில் என்ன கேட்கும்? இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சின்னத்தம்பி சொல்லவில்லை. கடைக்காரருக்குக் கேட்கவில்லை, கூட வந்தவருக்குக் கேட்கவில்லை, பெண்டாட்டி நம்பவில்லை. தனக்கு மட்டும் கேட்கிற சத்தத்துக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். செயினைக் கையில் வைத்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்தார், ரொம்ப நேரம் அதை மாட்டவே இல்லை.

பரிசோதனைக்கு முந்தின சனிக்கிழமை. மறுநாள் பத்தரைக்கு ஈஸ்வரியோடு வேலை செய்கிற ஒருவர் மகளுக்குக் கல்யாணம். அட்சதைக்கு மஞ்சள் அரிசி தயார் பண்ணும் பொறுப்பை ஈஸ்வரி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். சின்னத்தம்பி ஹாலில் சைக்கிளை நிறுத்திச் சும்மா வெறித்துக்கொண்டிருந்தார். டிவி போடவில்லை, எதற்கும் மனசு இல்லை. சமையலறையில் அவள் அரிசியில் மஞ்சள்தூளும் நெய்யும் விட்டுப் பிசறி, உலர்ந்ததும் ஒரு நீளமான டின்னில் கொட்டினாள். நிறைந்ததா என்று பார்க்க டின்னைச் சாய்த்து ஆட்டினாள்.

சலசல.

சின்னத்தம்பி நிமிர்ந்தார். “அதை மறுபடி ஆட்டு.”

“எதை?”

“கையில இருக்கிறதை. கொஞ்சம் கொட்டிட்டு ஆட்டு. இன்னும் கொட்டு. ஒரு சிட்டிகை இருந்தா போதும்.”

இவருக்கு என்ன ஆச்சு என்று பார்த்துக்கொண்டே அவள் ஆட்டினாள். சின்னத்தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சீட்டின் நட்டைத் தளர்த்தி, சீட்டைக் கம்பியோடு உருவிப் போட்டார். தரையில் பேப்பரை விரித்தார், தொண்ணூறு கிலோ உடம்போடு சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினார். முதலில் ஒன்றும் விழவில்லை. முன்பக்கத்தை உயர்த்தி ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சள் அரிசி விழுந்தது, ஒன்று, இரண்டு, பிறகு பொலபொலவென்று. எல்லாம் சேர்த்து ஒரு சிட்டிகை இருக்கும்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈஸ்வரிக்குத்தான் முதலில் விளங்கியது. வீட்டில் கார் இல்லை, இருக்கிற ஒரே வாகனம் இதுதான் என்று ஆயுத பூஜை அன்றைக்கு சைக்கிளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டாள். லேப்டாப்புக்கும் வாக்கி டாக்கிக்கும் கூடப் பொட்டு வைத்தாள். கடைசியில் மூன்று தடவை மஞ்சள் அரிசியை அள்ளிப் போட்டாள். சைக்கிளைக் கழுவித் துடைக்கிறேன் என்று சீட்டைக் கழற்றிவைத்த மனுஷன் அதை அப்போது மாட்டியிருக்கவில்லை. சீட் கம்பி நுழைகிற குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அரிசி அதற்குள் இறங்கி, அடியில் பிரிகிற வழியாக முன்குழாய்க்குள் போய்விட்டது. ஏறும்போது அடியில் கிடக்கும், இறங்கும்போது முன்னால் உருண்டு வந்து குதிக்கும்.

“நீ போட்ட அரிசி,” என்றார் சின்னத்தம்பி. “அஞ்சு வாரம் என் உயிரை வாங்கிருச்சு.”

“சீட்டை யாரு கழட்டி வெச்சது? நல்லா ஓடணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டுப் போட்டேன், வண்டி வயித்துல போய் விழும்னு எனக்குத் தெரியுமா?” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஐந்து வாரம் கழித்து வந்த சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை. ஈஸ்வரி அந்த அரிசியைப் பேப்பரோடு மடித்துச் சாமி மாடத்தில் வைத்தாள். “சரி, சத்தம் சைக்கிள்லதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்,” என்றாள்.

அதைக் கேட்டதும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. உடனே அர்ஃபானுக்கு போன். “பாய், அரிசி. மஞ்சள் அரிசி. என் காது காதுதான்.” அந்தப் பக்கம் அர்ஃபான், “மன்னிச்சிடுங்கண்ணே, இப்படி ஒரு ரிப்பேர நான் பார்த்ததே இல்லலா” என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்ரீராமுக்கு அரிசியைப் படம் எடுத்து அனுப்பினார். செவ்வாய்க்கிழமை வரட்டும், நர்ஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாலும் சரி என்று ஈஸ்வரியிடம் சவடால் விட்டார். ஐந்தாம் நம்பர் ஃபேனுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலையில் செஸ்ட்நட் நனைந்து கிடந்தது. விடிகிற வரைக்கும் மழை, அப்போதுதான் விட்டிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. உச்சியில் நின்று சின்னத்தம்பி ஒரு மூச்சு விட்டு இறங்கினார். வேர்கள் வந்தன, கற்கள் வந்தன. செயின் அடிக்கவில்லை, கேபிள் முணுமுணுக்கவில்லை, பிரேமுக்குள் ஒன்றும் ஆடவில்லை. ஆறு வருஷத்தில் அந்த வண்டி இவ்வளவு அமைதியாக ஓடியதே இல்லை. ஈர மண்ணில் டயர் சத்தம்கூட அமுங்கிப்போயிற்று. அவருக்கு மனசு நிறைந்துபோனது. அடிவாரத்தில் பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்று, கண்ணை மூடிக் காட்டைக் கேட்டார்.

சற்று நேரத்தில் ஸ்ரீராம் வந்து சேர்ந்தார். “எப்படி அண்ணா?”

“சொர்க்கம் தம்பி. சிள்வண்டு மட்டும்தான். இன்னிக்கு என்ன இந்தக் கத்து கத்துது?”

ஸ்ரீராம் தலையைச் சாய்த்துக் கேட்டார். “எங்கண்ணா? மழை விட்டதுலேருந்து ஒண்ணுமே கத்தலையே.”

“நல்லாக் கேளுங்க. ஙொய்ன்னு, விடாம.”

“இலையிலேருந்து தண்ணி சொட்டுது. அதைத்தான் சொல்றீங்களா?”

சின்னத்தம்பிக்குத் தண்ணீர் சொட்டுவது கேட்கவில்லை. அவர் மெதுவாக வலது கையைத் தூக்கி வலது காதை அடைத்துக்கொண்டார். சிள்வண்டு நிற்கவில்லை. இன்னொரு கையால் இடது காதையும் அடைத்தார். அது இன்னும் தெளிவாக, இன்னும் பக்கத்தில் கத்தியது. சைட்டில் ரிக் அதை மூடியிருந்தது. வீட்டில் டிவி மூடியிருந்தது, ராத்திரியில் ஃபேன் மூடியிருந்தது. காட்டில் செயினும் கேபிளும் அரிசியும் மூடியிருந்தன, மீதியை அவர் சிள்வண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக என்று அவருக்குத் தெரியவில்லை. காசையும் நாளையும் கொட்டி ஒவ்வொரு சத்தமாகத் துரத்தி, இதற்குத்தான் இடம் காலி பண்ணிக் கொடுத்தாயா என்று தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஸ்ரீராம் ஏதோ கேட்டார். சின்னத்தம்பி வண்டியைத் திருப்பினார். அன்றைக்கு இரண்டாவது இறக்கம் போகவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தபோது ஈஸ்வரி பட்டுப் புடவை கட்டி, கையில் அரிசி டின்னோடு தயாராக நின்றாள். “சீக்கிரம் வந்துட்டீங்களே. குளிச்சிட்டு வாங்க, கிளம்பலாம். வண்டி எப்படி ஓடுச்சு, சத்தம் போச்சா?”

சின்னத்தம்பி சைக்கிளைச் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் அதன் இடத்தில் நிறுத்தினார்.

“சைக்கிள்ல இருந்தது போயிருச்சு ஈஸ்வரி.”

அவள் டின்னை மேசையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமை லீவு போட முடியுமா?” என்றார் அவர். “நீயும் கூட வா. நான் மறுபடி தோளைப் பார்க்காம இருக்கணும்.”